பேக்கப் சார் எடுத்த நகல்

அவருக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது. டயர் கம்பெனியின் வருகைப் பதிவைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. வாசலில் நிற்கிற காவலாளியிலிருந்து மாடியில் இருக்கிற மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் பேக்கப் சார். யார் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் பின்னால் வந்து நின்றுகொண்டு, "பேக்கப் எடுத்தாச்சா?" என்பார். மற்றவர்கள் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிற இடத்தில் அவர் இதை விசாரிப்பார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தே கேட்டுவிட்டார் என்று கம்பெனியில் ஒரு கதை உலாவியது. அவர் மறுத்துப் பார்த்தார். யாரும் நம்புகிற மாதிரி இல்லை.

விசாரிப்பில் நியாயமும் இருந்தது. தொழிலாளர்களின் ஷிப்ட் முறையைப் போட்டுக் கொடுக்கிற புரோகிராம் அவர் எழுதியது. ஒருமுறை மெஷின் படுத்து எல்லாம் போய்விட்டது, நாளைக்கு யார் வேலைக்கு வரவேண்டும் என்றே யாருக்கும் தெரியாது என்று ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவர் மட்டும் அவசரமில்லாமல் மேஜை இழுப்பறையைத் திறந்து, நகல் எடுத்துவைத்திருந்த ஒரு ஃபிளாப்பியை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. "முதல்ல நகல் எடு, அப்புறம் தொடு." புதிதாகச் சேருகிற பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை நமக்குத் தெரியும். இவர் அந்த ஜாதியில்லை, தானும் கடைப்பிடித்தார். அதனால்தான் எனக்கு இவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய உலகம் வீட்டின் பின்பக்க அறைக்குள் வந்து அடங்கிவிட்டது. முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் அங்கே அலமாரி அலமாரியாக இருந்தன. யாரோ தூக்கிப் போட்டது, யாரோ மாடிப்படிக்குக் கீழே போட்டு மறந்தது, பள்ளிக்கூடம் ஒன்று ஒழித்துக் கட்டியது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து பிரித்து, உப்பிப்போன கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிது வைத்து, கீபோர்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைப்பார். அறையில் எப்போதும் சூடான ஈயத்தின் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து இருக்கும். மனைவி அந்த அறைக்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தாள். வாசலில் நின்று, "டாக்டர், உங்க பேஷண்ட் எப்படி இருக்கு?" என்பாள். இவர் திரும்பாமலே, "இன்னும் கண்ணு முழிக்கல," என்பார். "பேஷண்டைக் கொஞ்சம் தூங்கவிட்டுட்டு நீங்க வந்து ஒரு வாய் சாப்பிடலாமே," என்பாள். இவர் வருகிறேன் என்பார். வரமாட்டார்.

இப்போதைய கம்ப்யூட்டர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சுவிட்சைப் போட்டால் அதற்கே முதலில் ஆயிரம் வேலை இருக்கிறது, நம்மைக் காக்கவைத்துவிட்டு அது யாரிடமோ என்னவோ பேசிக்கொண்டிருக்கிறது என்பார். பழையது அப்படியில்லை. சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் கர்சர் கண் சிமிட்டும். கடையைத் திறந்துவைத்து முதல் கிராக்கிக்குக் காத்திருக்கிறவனைப் போல, சொல்லுங்க என்று நிற்கும். அந்தச் சிமிட்டலைப் பார்த்துக்கொண்டே அவர் எவ்வளவோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறார். பழைய பத்திரிகைகளில் அச்சான புரோகிராம்களை எடுத்துவைத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி வரி வரியாகப் படிப்பார். எவனோ முகம் தெரியாதவன் எழுதிய வரியைப் பார்த்து, "அட, என்னமா மடக்கியிருக்கான் பாரு," என்று தொடையைத் தட்டிக்கொள்வார்.

மனைவி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வயிற்றில் வலி என்றாள், பரிசோதனை என்றார்கள், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் போனபிறகு பின்னறை வாசலில் நின்று கூப்பிட ஆளில்லாததால் அவர் சாப்பாட்டு வேளைக்குத் தானாகவே எழுந்து வர ஆரம்பித்தார். இதைச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மனைவியும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். வாழ்க்கையில் ஒன்றே ஒன்று.

கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். குழந்தை தூங்குகிற நேரத்தில் இவருடைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டித் தானாகவே கற்றுக்கொண்டாள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, கீபோர்டைக் கண்டால் போதும், இரண்டு கையாலும் மத்தளம் வாசிக்கும். இவர் குழந்தையை மெஷின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவளோ, தட்டுகிற குழந்தைக்கென்றே ஒரு புரோகிராமை எழுதினாள். எந்த விசையைத் தட்டினாலும் திரையின் ஓரத்திலிருந்து ஒரு பறவை நடந்து வரும், நடுவில் நின்று ஒரு சின்ன ராகம் பாடும். ஒரு மழைக்காலம் முழுக்க எழுதினாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வரை தினமும் அதில்தான் விளையாடினாள். பிறகு புது மெஷின்கள் வந்தன. அந்த ஃபிளாப்பி மனைவியின் அலமாரியில், மடித்த புடவைகளுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது.

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்த மனிதர் அதற்கு மட்டும் நகல் எடுக்கவில்லை. வேண்டுமென்று விட்டதில்லை. அது வீட்டுச் சாமான், அவள் சாமான். அலமாரியில் இருக்கிறது, அவளும் இருக்கிறாள், எங்கே போய்விடப்போகிறது?

போன வாரம் மகள் போனில் கேட்டாள். அவள் இருப்பது வேறு ஊரில். அவளுக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை, நடக்கப் பழகியிருக்கிறது.

"குட்டி லேப்டாப்பைக் கண்டா விடமாட்டேங்கறாப்பா. ரெண்டு கையாலயும் தட்டறா. அம்மா எனக்குப் பறவை புரோகிராம் எழுதினாங்களே, அது இருக்கா?"

"என்கிட்டப் போய் இருக்கான்னு கேக்கறியே!" என்றார் இவர். குரலில் பழைய கம்பெனி மிடுக்கு.

"மெஷின்கூட ஓடுமா?"

"ஓட வெக்கறேன். நீ வா."

"அம்மா சமைச்சதெல்லாம் சாப்பிட்டு முடிச்சாச்சு. தெச்சுக் கொடுத்ததெல்லாம் கிழிஞ்சே போச்சு. அம்மா கையால செஞ்சது இன்னும் அப்படியே இருக்குன்னா இது ஒண்ணுதான்பா. சனிக்கிழமை வரேன். குட்டி தட்டறதைப் பார்க்கணும்," என்றாள் மகள்.

அந்த வாரம் அவர் மறுபடியும் வாலிபரானார் என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பழைய மெஷினை இறக்கி, பவர் சப்ளையைச் சரிசெய்து, ஃபிளாப்பியைப் படிக்கிற டிரைவின் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். அலமாரியைத் திறந்து புடவைகளுக்கு நடுவிலிருந்து ஃபிளாப்பியை எடுத்தபோது, அவள் கையெழுத்தில் 'பாப்பா' என்று எழுதிய லேபிள் பசை காய்ந்து தனியாகக் கழன்று விழுந்தது. பத்திரமாக எடுத்து மேஜை மேல் வைத்தார், அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று.

ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விஷயம். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு சதுர வெட்டு இருக்கும். அதன்மேல் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டி மூடிவிட்டால் மெஷின் அதைப் படிக்கலாம், ஆனால் அதில் எதையும் எழுத முடியாது, அழிக்கவும் முடியாது. பேக்கப் சார் அறையில் இருந்த அத்தனை ஃபிளாப்பிகளிலும் ஸ்டிக்கர் உண்டு. இதில் மட்டும் இல்லை. ஏனென்றால் குழந்தை நேற்று எந்தப் பறவையோடு விளையாட்டை விட்டது என்பதை அவள் புரோகிராம் ஃபிளாப்பியிலேயே எழுதிவைத்துக்கொள்ளும். இன்றைக்கு அடுத்த பறவை வரவேண்டுமே. மூடினால் அது நடக்காது. அந்தக் காலத்தில் இவர் இரண்டு தடவை ஸ்டிக்கர் ஒட்டினார், இரண்டு தடவையும் அவள் உரித்துப் போட்டாள். "மூடினா பறவைக்கு மறந்துபோயிடும்," என்றாள். அதை நினைத்து இந்தத் தடவையும் அவர் ஒட்டவில்லை.

நேராகப் போட்டு ஓடவிட்டிருந்தால் ஓடியிருக்கும். ஆனால் அவர் பேக்கப் சார் ஆயிற்றே. பழைய ஃபிளாப்பியை ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் தலை உரசி மேல்பூச்சு கொஞ்சம் உதிரும், எந்தத் தடவை கடைசித் தடவை என்று யாருக்கும் தெரியாது, அதனால் முதல் தடவை படிப்பதே நகலுக்காக இருக்கவேண்டும். இது அந்தத் தொழிலில் ஊறியவர்கள் எல்லோரும் சொல்வதுதான். இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவர் பக்கத்து ஊரில் இருந்தார், ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். அவரிடம் நகல் எடுப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. "ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, என் மெஷின்ல அலுங்காம எடுத்துடலாம்," என்றார் அவர். ஆனால் மகள் வருவது சனிக்கிழமை. பேக்கப் சார் காத்திருக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவர் ஆத்திரக்காரர்கூட இல்லை, ஆசைக்காரர்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல வெளிச்சத்தில், குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மெஷினில் ஒரே ஒரு டிரைவ். ஒரு டிரைவில் நகல் எடுப்பது கொஞ்சம் பொறுமையான வேலை. அசலைப் போடு என்று திரையில் வரும், போட்டால் கொஞ்சம் படித்துக்கொள்ளும். காலியானதைப் போடு என்று வரும், போட்டால் படித்ததை எழுதும். மறுபடி அசல், மறுபடி காலி. இப்படி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மேஜையில் இடப்பக்கம் அசல், வலப்பக்கம் இவர் துடைத்துத் தயாராக வைத்திருந்த காலி ஃபிளாப்பி. இடம் அசல், வலம் நகல். முப்பது வருஷப் பழக்கம் அது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு.

அசலைக் கையில் எடுத்தார். போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, நாளைக்குக் காலைல கிளம்பறோம். குட்டிக்குப் பால் பவுடர் ஒரு டப்பா வாங்கி வெச்சிடுங்க."

"எந்தப் பவுடர்?" என்று கேட்டு, அதை எழுதிக்கொள்ளப் பேனா தேடி, கையில் இருந்ததை மேஜையில் வைத்தார். வலப்பக்கம் வைத்தார். காலியாக இருந்தது தள்ளப்பட்டு இடப்பக்கம் போனது. பவுடர் பெயரைக் குறித்துக்கொண்டு, பேத்தியின் மழலையையும் கேட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

அசலைப் போடு என்றது மெஷின். இடப்பக்கத்தில் இருந்ததைப் போட்டார். படித்தது. காலியானதைப் போடு என்றது. வலப்பக்கத்தில் இருந்ததைப் போட்டார். எழுதியது. மெஷின் எந்த முணுமுணுப்பும் செய்யவில்லை. வெறுமையை ஒழுங்காகப் படித்தது, வெறுமையை ஒழுங்காக எழுதியது. டிரைவின் அந்தப் பழைய கர் கர் சத்தம் அவருக்குச் சங்கீதமாக இருந்தது. தாளம்கூடப் போட்டார். கடைசியில் நகல் முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. பேக்கப் சார் எழுந்து தனக்குத்தானே ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தார்.

காபியைக் குடித்துவிட்டு நகலைப் போட்டுப் பார்த்தார். காலி. சரி, நகல் சரியாக விழவில்லை என்று அசலைப் போட்டுப் பார்த்தார். அதுவும் காலி. மறுபடி போட்டார். டிரைவின் கதவைத் திறந்து ஊதிவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. மேஜையைப் பார்த்தார். பேனா வலப்பக்கம் கிடந்தது. பேனாவைத் தேடிய கை, அந்தக் கையில் இருந்த அசல், அதை எங்கே வைத்தோம் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. 'பாப்பா' லேபிள் மேஜைமேல் கிடந்தது. இரண்டில் எதன்மேல் ஒட்டினாலும் இப்போது ஒன்றுதான்.

ரேடியோ மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மனுஷன் அந்த நிமிஷமே பஸ் ஏறி, கருவியை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு ஃபிளாப்பியையும் விளிம்பு விளிம்பாகப் படித்துப் பார்த்தார். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும் சார்," என்றார்.

"ஏதாவது தெரியுதா?"

"பெருக்கின வீடுன்னா மூலையில ரெண்டு தூசியாவது இருக்கும். இது கழுவி விட்ட தரை. நீங்க டிரைவை அவ்ளோ சுத்தமா துடைச்சு வெச்சிருக்கீங்க."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார், பாவம்.

அவர் போனபிறகு பேக்கப் சார் அந்தக் கர்சரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சரி, நானே திரும்ப எழுதிவிடலாம், புரோகிராமர்தானே நான் என்று ஒரு தைரியம் வந்தது. அது எப்படி எழுதப்பட்டிருந்தது என்று யோசித்தார். ஒரு வரி கூட நினைவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தபோதுதான் தெரிந்தது, அவர் அதைப் படித்ததே இல்லை. எழுதி முடித்த அன்று அவள் வந்து, "படிச்சுப் பாருங்களேன், சரியா எழுதியிருக்கேனான்னு," என்று கேட்டாள். "ஓடுதுல்ல? ஓடுறதைப் போய்ப் படிப்பாங்களா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முகம் தெரியாத எவனெவனோ எழுதியதையெல்லாம் தொடையைத் தட்டிக்கொண்டு படித்த மனிதர். தன் வீட்டிலேயே ஒரு மழைக்காலம் முழுக்க ஒருத்தி எழுதியதைப் படிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. இதை எப்படி மென்மையாகச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் படிக்கவில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "எங்கேப்பா மெஷின்?" என்றாள். இடுப்பில் குட்டி, கண்ணெல்லாம் தூக்கம்.

அவர் ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்த எதையும் சொல்லவில்லை. "அழிஞ்சு போச்சும்மா," என்றார்.

"என்னது அழிஞ்சு போச்சு?"

"அம்மாது. நகல் எடுக்கறப்போ மாத்திப் போட்டுட்டேன்."

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து மகள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "எப்படிப்பா? நீங்க எப்படிப்பா மாத்திப் போடுவீங்க?"

போன் வந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவளுடைய பங்காக அதை அவள் எடுத்துக்கொள்வாள், ஆயுசுக்கும் இறக்கிவைக்க மாட்டாள். "கை தவறிடுச்சும்மா," என்றார். அந்த ஒரு காரியத்தை மட்டும் அவர் அன்றைக்குச் சரியாகச் செய்தார்.

மகள் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். கதவைத் திறந்து புடவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் பேக்கப் எடுத்தீங்களேப்பா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

சாப்பாடு ஆனபிறகு அவர் மெதுவாக, "நீ சொல்லு, எப்படி இருக்கும்னு. நான் திரும்ப எழுதறேன். உனக்கு ஞாபகம் இருக்குமே," என்றார். மகள் முதலில் வேண்டாம் என்றாள். தகப்பன் நாற்காலியின் விளிம்பில், பரீட்சை எழுத வந்தவனைப் போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் அவளுக்கு ஒவ்வொன்றாக வந்தது. பச்சைப் பறவை இடப்பக்கத்திலிருந்து வரும். கால் குச்சிக் குச்சியாக இருக்கும், நடக்கும்போது நொண்டும். மஞ்சள் பறவைக்கு வால் பெரிது. சிவப்பு வரும்போது பாட்டு ஒரு இடத்தில் தடுக்கும், அம்மாவுக்கு அந்த ஸ்வரம் சரியாக வரவேயில்லை. அவர் சதுரம் போட்ட தாளில் பறவைகளை வரைந்து காட்டினார். "கால் இன்னும் ஒல்லி," என்றாள். "இன்னும் ஒல்லியா?" "இன்னும் ஒல்லி. அம்மாவுக்குப் படம் வராதுப்பா." இருவரும் சிரித்தார்கள். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

அன்றும் மறுநாளும் எழுதினார். வரிகளெல்லாம் சுத்தம், ஒரு கட்டளை வீண் கிடையாது, பறவை வழுக்கிக்கொண்டு வந்தது. சாயங்காலம் குட்டியைத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு மகள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். குட்டி இரண்டு கையையும் விரித்து ஓங்கிக் கீபோர்டில் வைத்தது, எடுக்கவே இல்லை. அந்தக் கால மெஷினில் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் எழுத்துகள் வரிசையில் வந்து குவிந்துகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவை. பச்சை வந்து நிற்பதற்குள் மஞ்சள், மஞ்சள் பாடுவதற்குள் சிவப்பு. பாட்டுமேல் பாட்டு ஏறிக் கீச் கீச் என்று ஒரே கூச்சல். குட்டி மிரண்டு கையை எடுத்தது. எடுத்தபிறகும் குவிந்தது தீராமல் பறவைகள் ஓடிக்கொண்டே இருந்தன. குட்டி வீறிட்டு அழுதது.

"அம்மாது இப்படி ஓடாதுப்பா," என்றாள் மகள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. "பறவை வந்து நிக்கும். நான் கையை எடுக்கற வரைக்கும் அப்படியே நிக்கும். ரொம்ப நேரம் நான் எடுக்கவே மாட்டேனாம். அம்மா சொல்லுவாங்க."

அவருக்கு அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஈயம் வைத்துக்கொண்டே தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தபோது பறவை அசையாமல் நின்றது. "என்ன, தொங்கிடுச்சா?" என்று கேட்டார். "தொங்கல. காத்துக்கிட்டிருக்கு," என்றாள் அவள். செய்ததையே செய்துகொண்டு வெட்டியாக ஒரு லூப் சுற்றுகிறது, இவளுக்கு யார் சொல்வது என்று நினைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். காத்திருப்பதற்கு என்று ஒரு வரி எழுதலாம் என்பது அவருக்கு அன்று தோன்றவில்லை, நேற்றும் தோன்றவில்லை. மகள் சொல்லித்தான் தோன்றியது.

உட்கார்ந்தார். கை இருக்கிறதா பார், இருந்தால் இதே வரிக்குத் திரும்பி வா. அவ்வளவுதான். ஒரே வரி. சேர்த்துவிட்டு ஓடவிட்டார்.

குட்டி சமாதானமாகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கையை வைத்தது. ஓரத்திலிருந்து பச்சைப் பறவை நொண்டிக்கொண்டு வந்தது. நடுவில் நின்று பாடியது. பாடி முடித்து, நின்றது. குட்டி அதையே பார்த்தது. பறவையும் குட்டியைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. மகளின் கண்கள் நிறைந்தன. "அய்யோ, ஆமாம்பா," என்றாள். "இப்படித்தான். இப்படியேதான் நிக்கும்."

தப்பித்துவிட்டோம் என்றுகூடப் பேக்கப் சார் நினைத்தார், பாவி மனுஷன். "அம்மாது மாதிரியே இருக்கா?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இருக்குப்பா." மகள் திரையைப் பார்த்தபடியே நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா அம்மாதுல, நான் கையை எடுத்த உடனே ஒண்ணு வரும். அதைப் பார்க்கத்தான் நான் கையை எடுப்பேன்."

"என்ன வரும்?"

"தெரியலப்பா."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. படமா? சத்தமா? பறவை ஏதாவது பண்ணுமா?"

"ஏதோ வரும். நான் கை தட்டிச் சிரிப்பேன், அது மட்டும் ஞாபகம் இருக்கு. என்னன்னு வரமாட்டேங்குது." கண்ணை மூடிப் பார்த்தாள். திறந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மூடிப் பார்த்தாள். குழந்தையின் கை கீபோர்டிலேயே இருந்தது. பறவை நின்றுகொண்டே இருந்தது. பிறகு மகள் தகப்பன் பக்கம் திரும்பினாள். அவள் கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்துக் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. தினமும் நான் விளையாடறப்போ நீங்க இதே ரூம்லதானே இருந்தீங்க?"

இருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு குழந்தை கை தட்டிச் சிரிக்கிற சத்தமும், கூடவே அவள் சிரிக்கிற சத்தமும் தினமும் கேட்டிருக்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.